இல்லத்து இம்சையும் சமுதாயத்தின் கடமையும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டவர்கள் நாம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கிறோம். மண்ணுக்கடியில் விளையும் கிழங்கை விலக்குகிறோம். விளக்கைச் சுற்றும் விட்டிலுக்கும் இரங்கும் உள்ளத்தை நம் முன்னோர் நமக்கு வளர்த்துத் தந்தனர். இத்துணை நுண்ணிய அறவுணர்வு வாய்க்கப்பெற்ற ஒரு குடும்பத்தில், பொழுது சாயுமுன் உண்டு முடித்த அதே கணவன், பொழுது சாய்ந்தபின் மனைவியை அடிப்பானாயின், அவ்வீட்டில் அகிம்சை நிலவுகிறது என்று சொல்ல இயலுமா? அந்த ஓசையைக் கேட்டும் கேளாதவராய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் அண்டை வீட்டாராகிய நாம் அகிம்சை நோன்பினர்தாமா?

இவ்வினாவைப் பிறரை நோக்கிக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்று பலமுறை எண்ணிப் பார்த்த பின்னரே எழுதத் துணிந்தேன். முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியில் இருந்த காலம். என்னிடம் படித்த மாணவி, நம் சமூகத்துப் பெண், மணமாகி மூன்றாம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுதில் கைக்குழந்தையுடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடக் கன்னம் வீங்கியிருந்தது. "இரண்டு நாள் இங்கே இருந்துவிட்டுப் போகட்டுமா, டீச்சர்?" என்றாள். சோறிட்டேன். குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். இரவெல்லாம் அவளுக்குப் பொறுமையின் பெருமையை எடுத்துரைத்தேன். "உன் மாமனார் எங்களுக்கு உறவுதான். நான் சொல்லி வைக்கிறேன். நீ வீட்டை விட்டு வந்தது வெளியே தெரிய வேண்டாம்" என்று கூறி, மறுநாள் காலை முதல் பேருந்தில் நானே ஏற்றி அனுப்பினேன். பயணச் சீட்டுக்குப் பணமும் கொடுத்தேன். அதனை உதவி என்றே கருதியிருந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு தேர்த் திருவிழாவில் அவளைக் கண்டேன். அருகிற் சென்று நலம் விசாரித்தேன். "டீச்சர், இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கள். அந்தக் காது கேட்காது" என்றாள். வேறொன்றும் கூறவில்லை. என்னை நொந்துகொள்ளவும் இல்லை. நான் அவளுடைய வலப்புறம் சென்று நின்றேன். அதன்பின் என்ன பேசினேன் என்பது இன்று நினைவில் இல்லை.

அன்று நான் அவளுக்கு எடுத்துரைத்தவை அனைத்தும் நம் அறநூல்களின் சொற்களே. அச்சொற்களை நான் சரியாகத்தான் பொருள் கொண்டேனா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்சையின் ஐந்து வடிவங்கள்

இல்லறத்தாருக்குரிய அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதத்துக்கு நேரும் பழுதுகள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. சமந்தபத்ராசாரியார் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன்வழித் தமிழில் தோன்றிய அருங்கலச்செப்பும் இவற்றையே எடுத்துரைக்கின்றன. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் கொடாது தடுத்தல் என்பன அவ்வைந்துமாம்.

இவற்றைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும்போது வண்டி மாட்டை எடுத்துக்காட்டாகச் சொல்வது நம் வழக்கம். நானும் அவ்வாறே கற்பித்தேன். ஆனால் மாட்டுத் தொழுவத்தில் நின்று எண்ணிய ஐந்தையும் அடுப்பங்கரையில் நின்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தாய் வீட்டுக்குச் செல்லவிடாது தடுப்பதும், வெளியில் பூட்டிச் செல்வதும், தொலைபேசியைப் பிடுங்கி வைப்பதும் கட்டிவைத்தல் அன்றோ? அடித்தலுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கேளாமற் போன செவியும், உடைந்த பல்லும், சூடு வைத்த வடுவும் உறுப்பைச் சிதைத்தலே. விடியல் முதல் நள்ளிரவு வரை வேலை வாங்கி, அவள் ஈட்டிவரும் ஊதியத்தையும் பறித்துக்கொள்வது மிகைச் சுமை. வீட்டுச் செலவுக்குப் பணம் தராது பட்டினி போடுவது ஐந்தாவது.

2005ஆம் ஆண்டு நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடல்வழி வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தளவிலும் இழைக்கப்படும் வன்முறை, பொருளாதார வன்முறை என வகுத்துரைக்கிறது. அச்சட்டம் இன்று சொல்வதில் பெரும்பகுதியை நம் ஆசாரியர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்னரே விரதப் பழுதுகளாக எண்ணி வைத்துள்ளனர். எனவே மனைவியை அடிப்பவன் இராப்போசனம் விலக்கினும், நாள்தோறும் ஜினாலயம் வலம் வரினும், முதல் அணுவிரதத்திலேயே பழுதுபட்டவன் என்பது தெளிவு.

உடன்படுதலும் வினையே

"அடித்தவன் அவன், அவ்வினை அவனைச் சாரும், நமக்கென்ன?" என்று கேட்பவர் உண்டு. வினை வந்து சேரும் வழிகளை நம் ஆகமம் மூன்றாகப் பகுத்துள்ளது. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்பன அவை. மூன்றும் மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் நிகழக்கூடியவை. "குடும்பம் என்றால் நாலும் இருக்கும்" என்று நாம் உதிர்க்கும் சொல், அடிப்பவன் செவியில் எவ்வாறு ஒலிக்கும்? ஊரார் என்ன சொல்வரோ என்ற அச்சம் ஒன்றே பலரது கையைத் தடுத்து நிறுத்துகிறது. ஊரார் ஒன்றும் சொல்லமாட்டார் என்று தெரிந்தபின் அந்தத் தடையும் நீங்கிவிடுகிறது. அடி விழுந்தது அவன் கையால். அடுத்த அடிக்கு அவளை அனுப்பி வைத்தது பேருந்தில் ஏற்றிவிட்ட என் கை.

2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு எப்போதேனும் ஆளானவர்கள். நாடு முழுவதற்குமான கணக்கு நூற்றுக்கு 29. வன்முறைக்கு ஆளான பெண்களுள் எவரிடமேனும் உதவி நாடியவர்களோ நாட்டளவில் நூற்றுக்கு 14 பேர் அளவினரே. நம் ஜினாலயத்தில் நூறு பெண்கள் கைகூப்பி நிற்கையில், இக்கணக்கு நம்மைத் தொடாது என்று நம்புவதற்கு யாதொரு காரணமும் இல்லை.

வினைப்பயனும் பொறுமையும்

அன்றிரவு நான் அவளிடம் கூறிய மற்றொன்று, "இது நீ முற்பிறவியில் செய்த வினையின் பயன், அனுபவித்துத் தீர்க்க வேண்டும்" என்பது. இதனைக் காட்டிலும் நம் கோட்பாட்டுக்குக் களங்கம் விளைவிக்கும் சொல் வேறில்லை என்று இன்று உணர்கிறேன். பசியும் வினைப்பயனே. எனினும் பசித்தவனுக்கு உணவளிப்பதைத் தானம் என்கிறோம். நோயும் வினைப்பயனே. எனினும் மருந்து கொடுக்கிறோம். அடிபட்டவளுக்கு மட்டும் வினைக் கோட்பாட்டை உபதேசித்துவிட்டு ஒதுங்குவது எவ்வகையில் முறையாகும்? வினைக் கோட்பாடு ஒருவர் தம்மைத் தாமே ஆராய்ந்து திருந்துவதற்கு அருளப்பட்டது. பிறர் துன்பத்தைக் கண்டு தீர்ப்புரைக்க எவருக்கும் அது உரிமை தரவில்லை.

சந்தனையின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். சேடக மன்னனின் மகளாகப் பிறந்தவள், கவர்ந்து செல்லப்பட்டு, கௌசாம்பி நகரத்து வணிகன் வீட்டை அடைந்தாள். வணிகனின் மனைவி ஐயமும் பொறாமையும் கொண்டு அவளை விலங்கிட்டு வைத்தாள். மட்கலத்தில் வரகுச் சோறும் புளித்த காடியும் தந்தாள். கட்டிவைத்தலும் உணவு தடுத்தலும் ஒருங்கே நிகழ்ந்த வீடு அது. அதனையும் வினைப்பயன் என்று கடந்துபோக அந்நகரத்தாரால் முடிந்தது. ஆனால் வர்த்தமானப் பெருமான் ஆகாரம் ஏற்க எழுந்தருளியது அவள் நின்ற வாசலுக்கு. விலங்கு அறுந்தது. பின்னாளில் அவளே பெருமானின் சங்கத்தில் முப்பத்தாறாயிரம் ஆரியாங்கனைகளுக்குத் தலைவியானாள்.

இனிப் பொறுமையைக் கருதுவோம். பத்து அறங்களுள் உத்தம பொறை முதலாவது என்பது உண்மையே. பொறை என்பது உள்ளத்தில் சினம் தங்காதிருத்தல். அடிப்பவன் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும் என்று அவ்வறம் கூறவில்லை. வெறுப்பின்றி விலகிச் செல்லவும் ஒரு பெண்ணால் இயலும். மேலும், பொறை என்பது அதனை மேற்கொள்பவர் தாமே உவந்து ஏற்கும் நோன்பு. நமக்காக மற்றொருவரை உண்ணாநோன்பு இருக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லாதது போலவே, மற்றொருத்தியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவும் நமக்கு உரிமை இல்லை.

"காவல் நிலையம், நீதிமன்றம் என்று போவது இம்சை ஆகாதா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். இம்சையை ஆரம்பி, உத்யோகி, விரோதி, சங்கல்பி என நான்காகப் பகுத்து, இல்லறத்தார் கட்டாயம் துறக்க வேண்டியது மனமறிந்து செய்யும் சங்கல்பி இம்சை என்பர் நம் சான்றோர். தன்னையும் தன் மக்களையும் காத்துக்கொள்வதற்காக எதிர்த்து நிற்பது விரோதியின்பாற்படும். அது இல்லறத்தாருக்கு விலக்கப்பட்டதன்று. இவ்வழக்கில் சங்கல்பி இம்சையைச் செய்பவன் யார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அவனைத் தடுத்து நிறுத்துவது அவனுக்கும் செய்யும் நன்மையாகும். ஒவ்வோர் அடியிலும் அவன் தன் ஆன்மாவின்மேல் வினைத்தளையை இறுக்கிக் கொள்கிறான் அல்லவா?

குறையை மறைப்பது யாருடைய உரிமை?

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உபகூகனம் ஒன்று. அறநெறியில் நிற்பவரிடத்துக் காணும் குறையை ஊரறியப் பரப்பாது மறைத்தல் என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். "சமூகத்தின் மானம் போய்விடும், வெளியே சொல்லாதே" என்னும் அறிவுரைக்கு இதனையே ஆதாரமாகக் காட்டுவோரும் உளர். நாமோ சிறிய சமூகம். ஓர் ஊரில் சில வீடுகள். பெண் கொடுத்த வீடும் பெண் எடுத்த வீடும் இரண்டு தலைமுறையில் உறவாகிவிடுகின்றன. ஆகவே நம்மிடையே இவ்வறிவுரைக்கு வலிமை மிகுதி.

அவ்வுறுப்புக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் ஜினேந்திர பக்தன் கதையையே பார்ப்போம். துறவி வேடம் பூண்ட திருடன் ஒருவன் அவ்வணிகனது சைத்தியாலயத்து மணியைத் திருடிக்கொண்டு ஓடுகையில் காவலரிடம் அகப்பட்டான். வணிகன், "என் சொற்படியே கொண்டுவந்தார்" என்று கூறி அவனை விடுவித்தான். துறவு நெறிக்குப் பழி வராமற் காத்தான். பின்னர்த் தனிமையில் அவனை அங்கிருந்து வெளியேற்றினான். இக்கதையில் நாம் நோக்காது விட்டவை இரண்டு. மணியை இழந்தவன் எவனோ, அவனே குறையை மறைத்தான். பிறர் பொருளைத் திருடியவனை அவன் மறைக்கவில்லை. குறையை மறைத்த பின்னும், அதே வீட்டில் மீண்டும் திருடத் திருடனை அங்கேயே இருத்தவில்லை. நாமோ, அடிபட்டவள் சார்பில் நாமே மறைக்கிறோம். மறைத்தபின் அதே வீட்டுக்கு அவளையே திருப்பி அனுப்புகிறோம். இது உபகூகனம் ஆகாது. உபகூகனத்தை அடுத்து வரும் ஸ்திதிகரணம், அதாவது வழுவியவனை நன்னெறியில் மீண்டும் நிறுத்துதல், கணவன் திறத்தில் நாம் செய்ய வேண்டிய கடமை. அவள் பாதுகாப்பாக அமர்ந்த பின்னரே அதனைத் தொடங்குதல் வேண்டும்.

பார்த்திருக்கும் குழந்தைகள்

ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் ஒரு பாடமாக இருந்தது. தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆயினும் வகுப்பறையில் கண் முன் இருந்ததை அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. கரும்பலகைத் துடைப்பான் கீழே விழுந்த ஓசைக்கே தோளைக் குறுக்கிக்கொள்ளும் சிறுவன், பள்ளி விடும் மணி அடித்தபின்னும் வீட்டுக்குப் புறப்படாமல் பெஞ்சுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும் சிறுமி, விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் உறங்கி விழும் பிள்ளை ஆகியோரின் முன்னேற்ற அட்டையில் "கவனக்குறைவு" என்று எழுதி, தந்தையிடம் கையொப்பம் வாங்கி வரச் சொன்னேன். அந்த அட்டையும் எத்தனை வீடுகளில் அடிக்குக் காரணமாயிற்றோ, அறியேன்.

"குழந்தைகளுக்காகவாவது சேர்ந்து வாழ்" என்று சொல்கிறோம். அக்குழந்தைகள் அங்கே எதைக் கற்கின்றன என்று எண்ணுவதில்லை. தாயை அடித்த தந்தையைப் பார்த்து வளர்ந்த பெண்கள், மணமானபின் தாமும் வன்முறைக்கு ஆளாவது மிகுதி என்பதை மேற்கூறிய தேசிய ஆய்வும் காட்டுகிறது. பாடசாலையில் நாம் கற்பிக்கும் அகிம்சைப் பாடத்தை வீட்டுப் பாடம் ஒவ்வோர் இரவும் அழித்துவிடுகிறது.

நான்கு தானங்கள்

என்ன செய்யலாம் என்பதற்கும் நம் மரபே வழி காட்டுகிறது. அபயம், ஆகாரம், ஔஷதம், சாத்திரம் என நால்வகைத் தானங்கள். வாசலில் வந்து நிற்கும் பெண்ணுக்கு வேண்டியவை இந்நான்குமே.

முதலாவது அபயம். அன்றிரவு தங்க அச்சமற்ற ஓர் இடம். "யார் மீது தவறு?" என்று விசாரிப்பதற்கு முன் கதவைத் திறத்தல் வேண்டும். அவளைத் தனியே அமர்த்திக் கேட்க வேண்டும். கணவனும் இருபக்கத்துப் பெரியவர்களும் கூடத்தில் அமர்ந்திருக்க, அவளைக் கதவோரம் நிறுத்திக் கேட்கும் சமரசத்தில் உண்மை வெளிவராது. அவள் சொன்னதை நாம் வேறெங்கும் சொல்லலாகாது. சட்டம் தரும் அபயத்தையும் அவளுக்கு அறிவிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருப்பினும் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை அவளுக்கு உண்டு. தேவையாயின் அடிப்பவனை அவ்வீட்டை விட்டு வெளியேறுமாறு நடுவர் ஆணையிடலாம். வன்முறை நிகழ்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது வழக்கேதும் வாராது. எனவே, "பிறர் குடும்ப விவகாரம்" என்று ஒதுங்கச் சட்டமும் நமக்கு இடம் வைக்கவில்லை. பெண்களுக்கான உதவித் தொலைபேசி எண் 181. குழந்தைகளுக்கானது 1098. இவ்விரு எண்களையும் ஜினாலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது ஆகாரம். ஒருவேளை அன்னதானத்தைக் குறித்து நான் இதனைக் கூறவில்லை. அவள் தன் உழைப்பால் உண்ணும் நிலை வரும்வரை துணை நிற்பதே இங்கு ஆகாரதானம். மூன்றாவது ஔஷதம். காயத்துக்கு மருத்துவம் செய்வதோடு, அக்காயம் மருத்துவமனைப் பதிவேட்டில் உள்ளபடி எழுதப்படுவதும் இதில் அடங்கும். "மாடிப்படியில் விழுந்தேன்" என்று சொல்லச் சொல்லி உடன் செல்பவர் மருந்தைக் கொடுத்து உண்மையைப் பறிக்கிறார்.

நான்காவது சாத்திரம், அதாவது அறிவு. குழந்தையின் படிப்பு ஒருநாளும் நிற்கலாகாது. பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தந்தை தரவிடவில்லை என்று அஞ்சி எத்தனையோ தாய்மார் திரும்பிச் சென்றுள்ளனர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கக் கல்வி பயிலும் பிள்ளைக்கு, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்பதைக் காட்டிப் புதிய பள்ளியில் சேர்க்கை மறுக்க இயலாது. தாய்க்கும் சட்ட அறிவு வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எதுவாயினும் பெண்கள் அனைவரும் இலவச சட்ட உதவி பெற உரியவர்கள். நம் சமூகத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் எழுத்தர்களும் பலர் உள்ளனர். விண்ணப்பம் எழுதித் தருவதும், நீதிமன்றத்துக்கு உடன் சென்று அமர்ந்திருப்பதும் சாத்திர தானமே.

இத்தானங்கள் ஆள் பார்த்துச் செய்வனவாக இருத்தல் கூடாது. செல்வர் வீட்டு மகள் திரும்பி வந்தால் அவளுக்கென்று ஓர் அறை கிடைக்கிறது. எளியவர் வீட்டு மகள் வந்தால், அடுத்து மணமாக வேண்டிய இரு தங்கைகளை நினைத்துத் தந்தை தலை குனிகிறார். "இவள் வந்துவிட்டால் அவர்களை யார் கொள்வார்?" என்ற அச்சமே அவளைத் திருப்பி அனுப்புகிறது. அவ்வச்சத்தை விளைவித்தவர்கள் நாம். நீக்கவேண்டியவர்களும் நாமே. "மூத்தவள் திரும்பி வந்த வீடு" என்பதற்காக ஒரு சம்பந்தத்தை மறுக்க மாட்டோம் என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதி பூணுமாயின், அது பெரும் அபயதானமாகும். பெண்ணுக்குச் சொத்துரிமையை எழுத்தில் கொடுப்பதும், ஆலய நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கு இடமளிப்பதும் இதனோடு சேர்ந்தவை. துன்புற்ற பெண் தன் துன்பத்தைச் சொல்ல, அங்கே ஒரு பெண்ணேனும் இருக்க வேண்டாமா?

அடைக்கலப் பொருள்

கண்ணகியையும் கோவலனையும் மதுரைக்கு அழைத்துச் சென்ற கௌந்தியடிகள் நம் சமயத் துறவி. மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டியிடம் கண்ணகியை அவர் அடைக்கலமாக ஒப்படைத்தார். மாதரியின் குலம் வேறு. ஆயினும் மறுப்பின்றி ஏற்றாள். பின்னர் நேர்ந்த துயரத்தைக் கேட்டு மாதரி தீயில் புகுந்தாள். அடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டு உயிர் நீத்தார். அவர்கள் செய்ததை நாமும் செய்ய வேண்டும் என்று நான் கூறவில்லை. அடைக்கலப் பொருளுக்கு நேர்ந்த தீங்கைத் தமக்கே நேர்ந்ததாகக் கொண்ட அந்தப் பொறுப்புணர்வை மட்டும் எண்ணிப் பார்க்கிறேன்.

என்னிடமும் ஓர் அடைக்கலப் பொருள் வந்தது. இரண்டு நாள்கள்தாம் கேட்டது. நான் கொடுக்கவில்லை. இப்போது என் வீட்டில் வாசலை ஒட்டிய அறையை ஒழித்து, ஒரு பாயும் தலையணையும் போர்வையும் வைத்திருக்கிறேன். இந்த வயதில் என்னால் இயன்றது அவ்வளவே. நம் ஊர்கள்தோறும் அப்படி ஓர் அறை இருக்குமாயின், நாம் நாள்தோறும் ஓதும் கொல்லாமை அறத்துக்கு அதுவே சான்றாகும்.

அறம் வளர்க! அஞ்சினோர்க்கு அபயம் உண்டாகுக!